பின் வில்லும் பழைய சுமையும்

இவ்வாரம் ஒரு பழைய மோட்டார் காரின் பின்பக்க வில்களைப் பற்றி எழுதுகின்றோம். மொழி, வரலாறு, பிள்ளைகளின் கல்வி என்றவாறு சென்றுகொண்டிருந்த இப்பத்தியில் இரும்புக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நாம் இயந்திரவியல் கற்றவரல்லர். வரலாறும் தமிழும் பயின்று, அவற்றையே வகுப்பறையில் கற்பித்தவர். ஆயினும் பார்க் எக்ஸ்ரென்ஷனில் வாழும் எமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் இவ்வில்களின் பொருட்டுப் பல வாரங்களாக ஒரு வழக்கு நடந்தது. தந்தை ஒரு கட்சி, மகள் ஒரு கட்சி, மருமகப் பிள்ளை மூன்றாம் கட்சி. "மாஸ்ரர், நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கோ" என்று எம்மிடம் வந்தார்கள். தீர்ப்புச் சொல்வதற்காக நாம் படித்ததும், கேட்டதும், காருக்கு அடியில் படுத்துப் பார்த்ததும் பலருக்குப் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

கார் 1957ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். 1950களில் கனடாவிலும் இவ்வகைக் கார்கள் விற்கப்பட்டன. ஒன்ராறியோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் நெடுநாள் கிடந்த அதனை நண்பர் வாங்கி வந்தார். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் இதே வகைக் காரை வாடகைக்கு ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். வாங்கிய காரின் பின்பக்கம் ஒரு புறமாகச் சரிந்திருந்தது. இடப்பக்க வில்லில் ஒரு தகடு முறிந்திருந்தது. புதிய வில் இடவேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடில்லை. எப்படிப்பட்ட வில் என்பதிலேதான் சண்டை.

தந்தையின் விருப்பம், ஊரில் இருந்ததுபோல் ஒவ்வொரு வில்லிலும் ஒரு தகடு கூட்டவேண்டும் என்பது. "பத்துப் பேர் ஏறினாலும் பின்பக்கம் இருக்கக்கூடாது, மாஸ்ரர்" என்றார். மருமகப் பிள்ளைக்குக் கார் நிலத்தோடு ஒட்டித் தாழ்ந்திருந்தால்தான் அழகு. இங்கே ஒரு கல்லூரியில் இயந்திரவியல் பயிலும் மகளோ, செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே இருக்கட்டும் என்றாள்.

செய்தவன் யார் என்பதை முதலில் கூறிவிடுகின்றோம். ஏனெனில் எம்மவர் அறியவேண்டிய கதை அது. மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல் சிமிர்னா நகரில் பிறந்தவர். இன்று துருக்கியில் இஸ்மிர் எனப்படும் துறைமுக நகரம் அது. தந்தை பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர். தாய் ஜேர்மன் நாட்டு வழியினர். 1922 செப்ரெம்பரில் போரின் முடிவில் அந்நகரம் தீப்பற்றி எரிந்தபோது, பிரித்தானியக் கப்பலில் ஏற்றப்பட்டு மால்ராத் தீவுக்கு அகதியாகச் சென்ற குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. தந்தை மால்ராவிலேயே இறந்தார். பதினாறு பதினேழு வயது மகனும் தாயும் இங்கிலாந்து சென்று சேர்ந்தனர். இலண்டன் பற்றர்சீயில் பொறியியல் படித்தபோது கணித பாடத்தில் மூன்று முறை சித்தியெய்தத் தவறினார் இசிகோனிஸ். (கணிதத்தில் குறைந்த புள்ளியோடு வீடு திரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் இவ்வரியைப் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகின்றோம்.) அவருடைய மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் என்ற பெருமையையும் பெற்றது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன. 1959இல் வந்த மினி காரும் அவர் கைவண்ணமே.

மைனரின் முன்பக்கத்தில் முறுக்குத் தண்டுகளை வைத்த இசிகோனிஸ், பின்பக்கத்திற்கு மாட்டு வண்டிக் காலத்துப் பழைய தகட்டு வில்லையே வைத்தார். மலிவு ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. சுருளி வில் சுமையை மட்டும் தாங்கும். அச்சு முன்னும் பின்னும் நகராமற் பிடிப்பதற்கு வேறு தண்டுகள் வேண்டும். தகட்டு வில் சுமையைத் தாங்கும். அச்சைத் தன் இடத்தில் நிறுத்தும். சில்லு தள்ளும் விசையையும் தடுக்கும் விசையையும் காரின் உடலுக்குக் கடத்தும். தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் குலுக்கத்தையும் ஓரளவு அடக்கும். ஒரே இரும்புக் கட்டு நான்கு வேலை செய்கின்றது.

அதன் அமைப்பு எளிது. நீளமான முதன்மைத் தகட்டின் இரு முனைகளும் சுருட்டப்பட்டுக் கண்களாக இருக்கும். அதன் கீழே ஒன்றைவிட ஒன்று குறுகிய தகடுகள் அடுக்கப்பட்டு நடுவில் ஒரு போல்ட்டால் கோக்கப்படும். முன் கண் காரின் அடித்தளத்தோடு ஒரு போல்ட்டாற் பிணைக்கப்படும். பின் கண் ஷக்கிள் எனப்படும் ஊஞ்சல் போன்ற இணைப்பில் தொங்கும். சுமை ஏறும்போது வளைந்த வில் நிமிர்ந்து நீளுமல்லவா? நீள்வதற்கு இடம் கொடுப்பது ஷக்கிளின் வேலை. கண்களுக்குள் றப்பர் புஷ்கள். அச்சையும் வில்லையும் சேர்த்துக் கட்டுபவை யூ போல்ட்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். இலங்கையில் 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே அதற்கு முன் வந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, சோமசெட், கேம்பிரிஜ் முதலியன மூன்று தலைமுறைக்கு உழைக்கவேண்டியவையாயின. 1977க்குப் பின் தெற்கில் யப்பானியக் கார்கள் பெருகின. வடக்கிலோ போர் வந்தது. 1990இலிருந்து பெற்றோல், மின்கலம், சீமெந்து, இரும்பு எல்லாம் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில் எஞ்சியவை இப்பழைய கார்களே. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அந்தப் புகையின் மணம் இன்னும் பலருடைய நினைவில் இருக்கும்.

மண்ணெண்ணெய்க் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். வில்லின் கதையை எவரும் எழுதியதாக நாம் காணவில்லை. மொறிஸ் மைனர் ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள கார், நால்வருக்காகச் செய்யப்பட்டது. அதில் எட்டுப் பேர், ஒன்பது பேர், பின்பெட்டியில் வெங்காய மூடை, கூரையில் சைக்கிள் என்று ஏற்றினோம். ஆளுக்கு 60 கிலோ என்றாலும் ஒன்பது பேர் 540 கிலோ. காரின் எடையில் முக்காற் பங்கு! பள்ளம் விழுந்த வீதியில் வில் முறியாமல் என்ன செய்யும்? முறிந்தால் மாற்று வில் எங்கே கிடைக்கும்? பழுதாய்ப்போன லொறியின் வில்லிலிருந்து தகடு கழற்றி, அளவுக்கு வெட்டி, துளையிட்டுக் கார் வில்லின் அடியிற் சேர்த்தார்கள். வெட்டி மிஞ்சிய துண்டு கொல்லரிடம் போய்க் கத்தியாயிற்று. வில்லிரும்பிற் செய்த கத்தி கூர் மழுங்காது என்பது எங்கள் தாய்மார் அறிந்தது.

அப்படிப் பலப்படுத்தப்பட்ட கார், வெறுமையாக நிற்கும்போது பின்பக்கம் தூக்கி, இருக்கையை விட்டு எழப் பார்க்கும் கிழவரைப்போல் நிற்கும். ஆட்கள் ஏறியபின்தான் சமநிலைக்கு வரும். நண்பரின் கண்ணில் நிற்பது அந்தக் கோலமே. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்து நெரிசலில், தம் பாட்டியையும் இரு அயல்வீட்டுக் குழந்தைகளையும் ஒரு தையல் இயந்திரத்தையும் தகப்பனாரின் கார் சுமந்து சென்றதை அவர் எமக்குக் கூறினார். மழை. கார் நடையிலும் மெதுவாகவே நகர்ந்தது. வில் முறியவில்லை. "அந்த லொறித் தகடு இல்லையெண்டால் பாட்டியை விட்டிட்டுத்தான் போயிருப்பம்" என்றார். இதைக் கேட்ட பின்னர், தகடு கூட்டுவது தவறு என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்வது எமக்கு இலகுவாக இருக்கவில்லை.

இதனோடு ஒட்டிய ஒரு செய்தி எம்மை வியக்கவைத்தது. வடக்கில் ஒரு புஷ்ஷுக்கும் ஒரு போல்ட்டுக்கும் அலைந்த அதே 1990களில், தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கான உடற்றகடுகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவரின் முயற்சி அது. ஒரு காரை எறியாமல் ஆயுள் முழுவதும் திருத்தித் திருத்தி வைத்திருக்கலாம் என்று வாதித்தவர் அவர். இலங்கையரின் கைத்திறன் அதற்கு ஏற்றது என்று கண்டுகொண்டார். ஒரே தீவு, ஒரே கார். ஒரு முனையில் ஏற்றுமதி, மறு முனையில் லொறித் தகடு.

தகடு கூட்டினால் உண்மையில் என்ன நடக்கின்றது என்பதை மகளே எமக்கு ஒரு தாளில் எழுதி விளக்கினாள். ஒரே அளவுள்ள ஐந்து தகடுகளோடு ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஐந்திலொரு பங்கு கூடும். அது கணக்கில் அடங்கும். ஆனால் தடிப்புக் கூடினால் விறைப்பு மும்மடிக் கணக்கிற் கூடும். ஆறு மில்லிமீற்றர்த் தகட்டைவிட அதே நீள அகலமுள்ள பன்னிரண்டு மில்லிமீற்றர் லொறித் தகடு இரண்டு மடங்கு விறைப்பன்று. எட்டு மடங்கு விறைப்பு. அந்த ஒரு தகடு எட்டுத் தகடுகளுக்குச் சமம். அப்பொழுது மெல்லிய தகடுகள் பெயருக்கே இருக்கும். சுமை முழுவதும் தடித்த தகட்டினூடாகச் செல்லும். வில் வளைய மறுக்கும்போது பள்ளத்தின் அடி எங்கே போகும்? வில்லைத் தாங்கும் தளத்துக்குப் போகும்.

மொன்றியலில் அத்தளமே பலவீனமானது. மைனருக்கு லொறியைப்போல் தனியான சட்டகம் இல்லை. தகட்டாலான உடலே சட்டகம். பின் வில்லின் முன் கண் பொருத்தப்படும் இடம் பின்னிருக்கைக்கு அருகே அடித்தளத்தில் பற்றவைக்கப்பட்ட ஒரு பெட்டி. சேறும் நீரும் தங்கிக் கறள் பிடிப்பதற்குப் பேர்போன இடம் அது. இங்கிலாந்தின் ஈரத்திலேயே அது உக்கும் என்றால், மாரி முழுவதும் உப்புக் கொட்டும் எமது வீதிகளில் சொல்லவேண்டுமா? 1962இல் திறக்கப்பட்ட பழைய சம்பிளேன் பாலத்தை நினைத்துப் பாருங்கள். வீதியுப்பைக் கருத்திற்கொள்ளாமற் கட்டப்பட்ட அது, உப்புநீர் ஊறி ஊறி இறுதியில் பயன்படாமற்போக, 2019இல் புதிய பாலம் திறக்கவேண்டியதாயிற்று. பாலத்துக்கே அந்தக் கதியென்றால் இரண்டு மில்லிமீற்றரும் இல்லாத தகடு எம்மாத்திரம்? புதிய வண்டிகளுக்கும் இது பொருந்தும். 2014இல் டொயோட்டா நிறுவனம் ஏறத்தாழ 690,000 ரக்கோமா வண்டிகளைப் பின் வில் தகடு முறியக்கூடும் என்று திருப்பி அழைத்தது. கறளும் அதற்கு ஒரு காரணம். பிக்கப் வைத்திருந்து மாரியில் பனி அள்ளும் தொழில் செய்யும் எம்மவர்கள் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

ஆகவே நாம் அவர்களுக்கு முதலிற் கூறியது, வில்லை வாங்குமுன் தளத்தைத் தட்டிப் பாருங்கள் என்பதே. ஒரு திருப்புளியால் குத்தியபோது வலப்பக்கம் உறுதியாக இருந்தது; இடப்பக்கம் பிஸ்கற்றைப்போல் உதிர்ந்தது. முறிந்த தகடும் அதே பக்கந்தான் என்பதைக் கவனிக்கவும். உக்கிய பகுதியை வெட்டி அகற்றிப் புதிய தகடு பற்றவைக்காமல் எந்த வில்லைப் போட்டும் பயனில்லை. உக்கியதன் மேல் ஒட்டுப்போடுவதும், தார் பூசி மறைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். இவ்வேலையை அறிந்த பற்றவைப்பவரிடம் கொடுத்தார்கள். வில்லின் விலையைப் பார்க்கிலும் இதற்கான கூலி அதிகம்.

வில் மாற்றும் வேலையைத் தந்தையும் மகளும் தாமே செய்தனர். செய்முறையை விரிக்காமல், இடறக்கூடிய இடங்களை மட்டும் குறிப்பிடுகின்றோம். காரை ஜக்கின்மேல் விட்டுவிட்டு அடியிற் புகக்கூடாது. உடலின் உறுதியான இடத்தில் இரும்புத் தாங்கிகளை வைத்தபின்பே புகவேண்டும். அச்சை வேறொரு ஜக்கால் தாங்கவேண்டும். சொக் அப்சோபரின் இணைப்பைக் கழற்றி, பிரேக் குழாய் இழுபடாதபடி பார்த்துக்கொண்டு அச்சை மெல்ல இறக்கவேண்டும். கறள் பிடித்த போல்ட்களுக்கு முதல்நாளே எண்ணெய் ஊறவிடவேண்டும். யூ போல்ட்கள் இழுபட்டு நீண்டவை. மீண்டும் பாவிக்காமல் புதியவை வாங்கவேண்டும். வில்லை எப்பொழுதும் சோடியாகவே மாற்றவேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கார் ஒரு தோளை உயர்த்தி நடக்கும். பழைய வில்லைப் பிரிப்பவர்கள் இறுக்கியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைக் கழற்றவேண்டும். வளைவு வேறுபட்ட தகடுகள் அமுக்கப்பட்டே இருப்பதனால், பிடியாமற் கழற்றினால் முகத்தில் அடிக்கும்.

எல்லாவற்றிலும் அதிகமாக மறக்கப்படுவது ஒன்றுண்டு. கண்களின் போல்ட்களைக் கார் அந்தரத்தில் நிற்கும்போது முற்றாக இறுக்கக்கூடாது. அளவாகப் பிடித்துவிட்டு, காரை நிலத்தில் இறக்கி, முழு எடையும் சில்லில் இருக்கும்போதே இறுதியாக இறுக்கவேண்டும். இன்றேல் புஷ்களின் றப்பர் முறுகிய நிலையிலேயே நின்று விரைவிற் கிழியும்.

மருமகப் பிள்ளையின் ஆசைக்கும் நியாயமான விடை கூறவேண்டுமல்லவா? காரைத் தாழ்த்துவதற்கு இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. அச்சுக்கும் வில்லுக்கும் இடையே ஓர் இரும்புக் கட்டை வைப்பது ஒன்று. முதன்மைத் தகட்டின் கண்களை மறுபுறமாகச் சுருட்டிச் செய்த வில்லை இடுவது மற்றொன்று. கட்டை மலிவு. ஆனால் அச்சு வில்லிலிருந்து விலக விலக, காரை வேகமாக எடுக்கும்போது வில்லை முறுக்கும் நெம்பு கூடும்; ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டை அடுக்குவதோ அறவே ஆகாது. கண் திருப்பிய வில்லே இரண்டினுள் சிறந்தது. ஆயினும் பங்குனி மாதத்து மொன்றியல் வீதியைத் தெரிந்த எவரும் காரைத் தாழ்த்துவாரா? வீதிப் பள்ளத்தை இங்குள்ள பிரெஞ்சு மக்கள் 'நி த பூல்', அதாவது கோழிக்கூடு என்கின்றனர். சில கூடுகளில் வான்கோழியே குடியிருக்கலாம். வேறு சிலர் தகட்டைத் தீயிற் காய்ச்சி வளைவை மாற்றுவர். அது கூடவே கூடாது. வில்லிரும்பின் பதம் தீயில் இறங்கிவிடும். பின்னர் அது வில்லன்று, வெறும் தகடு.

எமது தீர்ப்பு மகளின் பக்கம் சென்றது. அது கணக்கு அவள் பக்கம் இருந்ததனால் மட்டுமன்று. தகப்பனாரின் வில்லில் லொறித் தகடு ஏறியது சுமந்தே ஆகவேண்டிய சுமை இருந்ததனால். இன்று அந்தக் காரில் ஏறப்போகின்றவர்கள் நால்வர். இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றக் கியூபெக்கின் வீதிப் பாதுகாப்புச் சட்டமும் இடந்தராது. சுமை இல்லாத விறைத்த வில் காரை ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளவைக்கும். துள்ளும் சில்லு வீதியைப் பிடியாது. மழையில் திருப்பத்தில் அது ஆபத்து. இதைத் தந்தையிடம் எடுத்துரைத்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்ப பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிக்காதோ?" என்று மட்டும் கேட்டார். நிற்காது என்றோம்.

இங்கிலாந்திலிருந்து தொழிற்சாலை அளவிலேயே செய்த புதிய வில் சோடி வந்தது; இவ்வகைக் காரின் பாகங்கள் இன்றும் அங்கே செய்யப்படுகின்றன. ஒரு பாகத்துக்குத் தந்தை விட்டுக்கொடுக்கவில்லை: புதிய றப்பர் புஷ்களைத் தாமே சவர்க்கார நீர் தொட்டு ஏற்றினார். கிறீஸோ எண்ணெயோ பட்டால் றப்பர் ஊதிக் கெடும் என்பது தகப்பனார் சொல்லித் தந்ததாம். இலையுதிர் காலத்தில் கறள் தடுக்க அடிப்பகுதிக்கு எண்ணெய் அடிப்பிப்பவர்கள் இதை நினைவிற்கொள்ளவேண்டும்; புஷ்களை மூடிவிட்டு அடிக்கும்படி கேளுங்கள்.

பிரெஞ்சு மொழி அதிகம் பேசவராத வாசகர்களுக்காக: வில்லுக்கு 'றெசோர்', தகட்டு வில்லுக்கு 'றெசோர் ஆ லாம்', கறளுக்கு 'றூய்', கறள் தடுப்பு எண்ணெய்க்கு 'அன்ரிறூய்' என்று சொல்லவேண்டும். கராஜில் வில் மாற்றக் கொடுப்பவர்கள், யூ போல்ட் புதியதா என்பதையும் இறுதி இறுக்கம் கார் நிலத்தில் நிற்கும்போது செய்யப்பட்டதா என்பதையும் கேட்டறியுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் தகடுகள் படிந்து யூ போல்ட்கள் தளரும். மறுபடி ஒருமுறை இறுக்கவேண்டும். நண்பரின் கார் இன்னும் அந்தத் தூரத்தை ஓடவில்லை. அடுத்த ஞாயிறு மகள் இறுக்கப்போவதாகச் சொன்னாள். எம்மை விளக்குப் பிடிக்க வரச்சொல்லியிருக்கின்றாள்.